‘டிக்’ மட்டும் கேட்கும் கொரோலா: கடைசியில் பிடித்துவிட்டேன்

என் 1994 கொரோலா வேகன் இப்போது சாவியைத் திருப்பியதும் எடுக்கிறது. யாங்கோனில் தன்லின் பாலத்து நெரிசலில் கொதித்துப்போய் நிறுத்தினாலும் சரி, விடிகாலையில் எடுத்தாலும் சரி, ஒரே மாதிரி!

முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி மறுபடி திருப்பினால் திடீரென்று ஓடும். பார்த்தவர்கள் எல்லாரும் பேட்டரி என்றார்கள். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதாவது நல்ல சார்ஜ். அதைவிட நல்ல தடயம் ஹெட்லைட். லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்பினேன்: ‘டிக்’ வந்தது, வெளிச்சம் மங்கவில்லை. அப்படியென்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவே இல்லை. அந்த மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச்தான் சொலினாய்டு. சாவியிலிருந்து அதற்கு வரும் சின்ன ஒயரில், சாவியைத் திருப்பும்போது 11.8 வோல்ட் இருந்தது. ஆக சாவி, ரிலே பக்கம் பழுதில்லை.

டென்சோ கம்பெனியின் இந்த ஸ்டார்ட்டர்களில் சொலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு செம்பு காண்டாக்ட் (கரண்ட் பாயும் தொடுமுனைகள்) தேய்வது பழைய வியாதி. மூடியைத் திறந்தால் பேட்டரி பக்கத்துக் காண்டாக்ட் எலி கடித்த பிஸ்கட் மாதிரி. பிளஞ்சரில் (காந்தம் இழுக்கும் தண்டு) உள்ள செம்பு வட்டுதான் இரண்டு காண்டாக்டிலும் பட்டு இணைக்கும். அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுழன்று உட்காரும். நல்ல விளிம்பு பட்டால் வண்டி எடுக்கும், தேய்ந்த விளிம்பு பட்டால் ‘டிக்’. நாளுக்கு ஒரு குணம் காட்டியதற்குக் காரணம் இதுதான்.

காண்டாக்ட் மாற்றுவது எளிது, மட்டம் பார்ப்பதில்தான் உயிர் போகிறது. நட்டை இறுக்கும்போது காண்டாக்ட் கூடவே திரும்பும். ஒன்று ஒரு மயிரிழை உயரமாக நின்றாலும் வட்டு அதில் மட்டும் சாய்ந்து பட்டு, சீக்கிரம் எரித்துவிடும். நான் வட்டில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, பிளஞ்சரைக் கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அகலத்துக்கு மை அழியும்வரை விடவில்லை. அந்த அழிந்த தடத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் வண்டி எடுத்தபோதுகூட வரவில்லை.

வாங்கும்போது கவனம். முதலில் ஒரு கடையில் கொடுத்த காண்டாக்ட் கையில் எடுத்ததுமே கனமில்லை, காந்தத்தில் ஒட்டியது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தச் சயாவிடம் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டாலும் ஜப்பான் பழைய ஸ்டார்ட்டரை முழுசாக மாட்டத்தான் சொல்வார். ஆனால் அதற்குள்ளும் இதே காண்டாக்ட், அது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ யார் கண்டது? பழைய பிளஞ்சர் வட்டையும் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது எர்த் கேபிள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.4 வோல்ட் விழுகிறது, 0.2-க்குள் இருக்க வேண்டும். தடித்த கேபிள் வாங்கியாகிவிட்டது, அதன் முனையில் மாட்ட ஏற்ற லக் தேடிக்கொண்டிருக்கிறேன். சொலினாய்டு மூடியின் ரப்பர் வளையமும் பழசுதான். தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை பிடிப்பதற்குள் புதுசு போட்டாக வேண்டும்.