செங்கோட்டைச் சாரலில் ஒரு சிலிண்டர் வார்ப்பு

நான் செய்துவரும் ஸ்டீம் எஞ்சின் மாடலின் சிலிண்டர் வார்ப்பை ஒருவழியாகக் குடைந்து முடித்தாகிவிட்டது. செங்கோட்டையில் ஸ்டீம் எஞ்சின் என்றால் எல்லோரும் கேட்பது 1904-இல் திறந்த கொல்லம் லைன் ரயிலைத்தான். இது ரயில் இல்லை. ஆலைகளில் படுக்கைவாக்கில் நின்று ஓடிய வகையின் சின்ன மாடல்.

போர் (bore, பிஸ்டன் ஓடும் உருளைத் துளை) 25 மி.மீ. விட்டம் வேண்டும். வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் அச்சு (கோர்) விட்டிருந்த ஓட்டை 20 மி.மீ., அதுவும் நடுவில் இல்லை. ஓட்டையில் மரத்துண்டை அடைத்து, முகத்தில் சுண்ணாம்பு தடவிக் கோடு இழுத்ததும் குட்டு வெளிப்பட்டது: பக்கவாட்டில் 2 மி.மீ. விலகல். அப்படியே குடைந்தால் ஒரு பக்கம் 4.5 மி.மீ. போகும், எதிர்ப்பக்கம் அரை மி.மீ. மட்டும். வார்ப்பின் மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும், கடினமும் அதிகம். அது கடைசிச் சீவலில் (கட்) வந்து மாட்டினால் டூல் முனை மழுங்கிவிடும். அதனால் போர் மையத்தையே ஓட்டைப் பக்கம் 1 மி.மீ. தள்ளினேன். 6 மி.மீ. சுவர் ஒரு பக்கம் 5 ஆகும், பரவாயில்லை. மூடியின் போல்ட் துளைகளையும் அடிப்பாதத்தையும் போரை வைத்துத்தானே குறிக்கப் போகிறோம்!

முதலில் சீவியது வால்வு முகம், அதாவது நீராவியைத் திறந்து மூடும் வால்வு உட்காரும் தட்டைப் பரப்பு. லேத் பட்டறை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, மேலாப்ல சொறியாதீங்க, ஒரே இறக்கா தோலுக்குக் கீழ எறக்கிருங்க" என்றார். சரிதான். முதல் கட்டே 1 மி.மீ. ஆழம், தண்ணீர், எண்ணெய் எதுவும் இல்லை. கரித்தூள் மாதிரி கறுப்புத்தூள் பறந்தது. லேத்தின் அடித்தளமான பெட் மேல் செய்தித்தாள் விரித்திருந்தேன்.

அந்த முகத்தை ஆங்கிள் பிளேட்டில் (L வடிவத் தாங்கி) இறுக்கி, வேலையை, அதாவது வார்ப்பை, லேத்தின் கிராஸ் ஸ்லைடில் (நகரும் மேடை) ஏற்றி, 14 மி.மீ. போரிங் பாரை (டூல் செருகிய தண்டு) லேத்தின் இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவே சுழலவிட்டேன். டூல் ஒரே இடத்தில் சுழல்கிறது, வேலைதான் நகர்கிறது. அதனால் டேப்பர் (துளை ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகுவது) விழ வழியில்லை. பாரைக் கழற்றாமல் அளக்க ஒரு வழி உண்டு: பாரின் முதுகிலிருந்து டூல் முனை வரை மைக்ரோமீட்டர் 19.5 காட்டினால் போர் 25. எப்படியென்றால் பார் விட்டத்தில் பாதி 7, கூட்டல் போர் விட்டத்தில் பாதி 12.5.

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் காலம் இது. குடைந்த போரில் இரவோடு இரவாகச் செந்துரு பூத்துவிடும், எண்ணெய் தடவித் துணி திணித்து வைத்திருக்கிறேன். அடுத்தது ஸ்டீம் போர்ட், அதாவது நீராவி சிலிண்டருக்குள் போய்வரும் வழி. அதற்கு 3 மி.மீ. எண்ட் மில் (சுழன்று குடையும் கட்டர்) வந்து சேரவேண்டும்.