ஆக்சிலரேட்டரை விட்டால் வெடி

பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். தாராசுரம் தாண்டி ஆக்சிலரேட்டரை விட்டாலே சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார்கள் ஆளாளுக்கு. கும்பகோணத்து மெக்கானிக் அண்ணன் முதலில் கழற்றியது ஸ்பார்க் பிளக்கை. நுனி இளங்காப்பி நிறம். "கலவை சரியா இருக்கு தம்பி. வெளுத்திருந்தா பெட்ரோல் கம்மி, கரி படிஞ்சிருந்தா ஜாஸ்தி."

அப்புறம் இன்ஜின் சூடாகும் முன்பே புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டார். ஒரு மூலையில் மட்டும் குமிழ் கிளம்பியது. இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த இடுக்கில் காற்று புகுந்து, எரியாத பெட்ரோல் ஆவி குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்கிறதாம். இந்த வண்டிக்குக் கேஸ்கெட்டை எங்கே தேடுவது? ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம் என்கிறார், சரி.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் நீலப் புகை தனிக் கதை. வால்வு சீல் போய் ஆயில் உள்ளே கசிந்து எரிகிறது. அதற்குக் குறுவை நெல் பணம் வரட்டும்.