கல்லூரியில் வேப்பிங்: விதி எழுதும்போது கோட்டைவிடும் இடங்கள்

"வளாகத்தில் புகைபிடிக்கக் கூடாது" என்ற பழைய வரியில் "இ-சிகரெட்டும் சேர்த்து" என்று ஒட்டுப்போட்டால் வேலை முடிந்தது என்று பல கல்லூரிகள் நினைக்கின்றன. வேப்பிங்கில், அதாவது இ-சிகரெட் இழுப்பதில், முதல் ஆள் பிடிபடும் நாளிலேயே அந்த ஒட்டு பிய்ந்துவிடும். "இது புகையே இல்லை சார், வெறும் ஆவி. நிகோட்டினும் கிடையாது" என்பார். நிகோட்டின் உண்டா இல்லையா என்பதை ஆய்வகம் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. உறையில் அச்சிட்டிருப்பதை நம்பவும் முடியாது.

அதனால் கருவி என்ன செய்கிறது என்பதை வைத்து வரையறுங்கள். திரவத்தையோ வேறு பொருளையோ மின்சாரத்தால் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் எந்தக் கருவியும், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் பாட் (திரவம் அடைத்த சிறு கூடு), காயில் (சூடாக்கும் கம்பிச்சுருள்), திரவக்குப்பி உட்பட. கூடவே விலக்கையும் எழுதுங்கள்: மருத்துவர் கொடுத்த இன்ஹேலர், நெபுலைசர், நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை. விலக்கு இல்லாவிட்டால், பழக்கத்தை விட முயலும் மாணவரின் சூயிங்கத்தை வார்டன் பிடுங்கிக்கொண்டு போவார்.

வைத்திருத்தல், பயன்படுத்துதல், விற்றல் மூன்றையும் தனித்தனிப் பிரிவாக வையுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவின் 2019 சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்கிறது. அமெரிக்காவில் விற்பனைக்கான வயது வரம்பு 2019 டிசம்பரில் 21 ஆனது. வைத்திருத்தல் பிரிவை மட்டுமாவது உள்ளூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் பார்த்துவிட வேண்டும்.

இடங்களின் பட்டியலில் வகுப்பறையும் விடுதியும் எப்படியும் வந்துவிடும். விட்டுப்போவது மொட்டைமாடி, கல்லூரிப் பேருந்து, உள்ளே நிறுத்திய கார், வெளியூர்க் களப்பயணம். ஆசிரியர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் அதே விதிதான் என்றும் எழுதுங்கள். பேராசிரியர் அறையிலிருந்து வேப் ஆவியின் மாம்பழ வாசனை வந்தால் மாணவர் எவரும் இந்த விதியை மதிக்க மாட்டார்.

உணர்விக் கருவிகள் (சென்சார்) விஷயத்தில் நிதானம் தேவை. வேப் உணர்விகள் காற்றிலுள்ள நுண்துகள்களைக் கணக்கெடுப்பவை. உடல்வாசனை ஸ்ப்ரே அடித்தாலும், சுடுநீர்க் குளியலின் நீராவி பட்டாலும் சில கத்தும். குளியல் பகுதியிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். எச்சரிக்கை வந்தால் அங்கே எதையோ உணர்ந்தது என்று மட்டும்தான் பொருள். யார் செய்தார் என்பதை அது சொல்லாது. கழிவறையில் கேமராவோ மைக்கோ கூடவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒளிச்சிதறலில் இயங்கும் சாதாரணத் தீயெச்சரிக்கைக் கருவிகளும் வேப் ஆவிக்கு ஒலிக்கும். அதனால் விடுதி அறைகளில் அவற்றைப் பிளாஸ்டிக் பையாலோ காலுறையாலோ மூடிவிடுவார்கள். அப்புறம் நிஜத் தீ பிடித்தாலும் சத்தம் வராது. கருவியை மூடுவதைத் தனிக்குற்றமாக்கி, வேப்பிங்கைவிடக் கூடுதல் தண்டனை வையுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம். அதில் பார்ப்பது நிகோட்டின் உடைந்து உருவாகும் கோட்டினின். அது சில நாட்கள் தங்கும். சிகரெட்டா, சூயிங்கமா, எங்கே பயன்படுத்தினார் என்பது எதையும் அது காட்டாது. பையைத் திறந்து பார்க்க யாருக்கு அதிகாரம் என்பதைப் பதவிப்பெயரோடு எழுதி, எப்போதும் இருவர் உடனிருக்க வேண்டும் என்று வையுங்கள்.

கைப்பற்றிய கருவி பெரும்பாலும் அலுவலக மேஜை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. நசுங்கினால் தீப்பிடிக்கும். கையுறை போட்டு எடுங்கள், ஏனெனில் பாட் கசிந்தால் நிகோட்டின் தோல் வழியே உடலுக்குள் போகும். பெயர், தேதி, இரு கையெழுத்துகளோடு உறையிலிட்டு, மூடியுள்ள உலோகப் பெட்டியில், காகிதங்களிலிருந்து தள்ளி வையுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கும்போது தீ வரும். மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

தண்டனை என்று வந்தால் எல்லாரும் அபராதத்துக்குத்தான் போகிறார்கள். வசதியுள்ளவருக்கு அது நுழைவுக்கட்டணம் மாதிரி ஆகிவிடும். பழக்கத்தின் பிடியும் சாதாரணமல்ல: சில திரவங்களில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை நிகோட்டின் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பே 20தான். அந்த அளவுக்குப் பழகியவர் மூன்று மணிநேரத் தேர்வில் உட்காரவே தவிப்பார். நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் கவனச்சிதறலும் உச்சத்தில் இருக்கும். முதல் முறைக்கு எழுத்துப் பதிவும் ஆலோசகர் சந்திப்பும், இரண்டாம் முறைக்கு விடுதி நிர்வாகம், மூன்றாம் முறைக்கு ஒழுங்குக் குழு என்று போகலாம். விற்றவருக்கு இந்தப் படிகள் இல்லை, நேராகக் குழுதான்.

நண்பர் வேப் செய்து வாந்தி, வியர்வை, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று விழுந்தால், உதவிக்கு அழைத்தவர்மீதோ விழுந்தவர்மீதோ நடவடிக்கை இல்லை என்று தெளிவாக எழுதி, அதை விடுதிக் கதவுகளில் ஒட்டுங்கள். 2019-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்புக்குப் பெரும்பாலும் வைட்டமின் இ அசிடேட் கலந்த கஞ்சாச்சத்து திரவங்களே காரணம். உள்ளே இழுத்தது என்ன என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும். பயத்தில் கருவியை ஒளித்துவிட்டால் மருத்துவர் இருட்டில் தேட வேண்டியதுதான்.