கிளிநொச்சி வயலுக்கு ஒரு கிளிங்கொன் குறிப்பேடு

காலபோக விதைப்பு முடிந்த கையோடு, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலின் அன்றாடக் குறிப்பைக் கிளிங்கொன் மொழியில் எழுதத் தொடங்கினேன். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் அமெரிக்க மொழியியலாளர் ஆக்கி, 1985இல் அகராதியும் இலக்கணமுமாக வெளியிட்ட மொழி அது. போருக்கும் விண்கலத்துக்குமே சொற்கள் மலிந்திருந்தாலும் மழை, நீர், வெட்டு, உடைப்பு, விற்பனை ஆகியவற்றுக்கும் அதில் சொல் உண்டு என்பதால் கமக்காரரும் ஓரளவு சமாளிக்கலாம். அருவி வெட்டு (நெல் அறுவடை) நெருங்கிவிட்ட இந்த நேரத்தில், அம்மொழி காலத்தையும் வினையின் நிலையையும் எப்படிப் பிரிக்கிறது என்பதில் இதுவரை பிடிபட்டதை எழுதிவைக்கிறேன். கிளிங்கொன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சொல்லுக்குள்ளும் சொல்லிறுதியிலும் வரும் ஒற்றைக் குறி தொண்டையைச் சட்டென்று அடைக்கும் ஒலியைக் காட்டும்.

முதலில் பழக வேண்டியிருந்தது, வினையில் காலமே இல்லை என்பதற்கு. தமிழில் பெய்தது, பெய்கிறது, பெய்யும் என்று மூன்றாகப் பிரிவது அங்கே ‘ஷிஷ்’ என்ற ஒரே வடிவத்தில் அடங்கும். எப்போது என்பதை வாக்கியத்தின் தலையில் நிற்கும் காலச்சொல் சொல்லும்: வ'ஹு' என்றால் நேற்று, டஹ்ஜஜ் என்றால் இன்று, வ'லெஷ் என்றால் நாளை. ‘ஹு'’ கழிந்த நாளையும் ‘லெஷ்’ வரும் நாளையும் குறிப்பதால், எண்ணை முன்னே ஒட்டி வெஜ்ஹு' என்றால் மூன்று நாளுக்கு முன் என்றாகிவிடும். ஆண்டுக்கு இதேபோலப் பென், நெம் என்ற சொற்கள் உள்ளன. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று தலைகீழாகச் செல்லும் வாக்கியத்திலும் காலச்சொல் எல்லாவற்றுக்கும் முன்னே வந்துவிடுவது குறிப்பேட்டுக்கு மிகவும் வாய்ப்பானது.

காலம் போனபின் வினையில் எஞ்சுவது நிலை மட்டுமே. அதற்கு நான்கு விகுதிகள். ‘பு'’ செயல் முடிந்துவிட்டதைச் சொல்லும். அது இறந்தகாலம் அன்று. வ'லெஷ் தி விபெ'பு' என்று எழுதினால், நாளை நான் பயிரை வெட்டி முடித்திருப்பேன் என்பதே பொருள். நமது ‘விட்டது’ இதற்கு நெருங்கிய உறவு என்றாலும் நம்பிப் பின்செல்ல முடியாது. வீட்டுப் படலையைக்கூடத் தாண்டாதவர் தொலைபேசியில் “இந்தா வந்திட்டன்” என்று சொல்வது எங்கள் பக்கத்தில் பொய்யாகாது. கிளிங்கொனில் அந்த இடத்தில் பு' போட்டால் சுத்தப் பொய்.

‘த'’ என்பதும் முடிவைத்தான் சொல்லும். ஆனால் எண்ணிச் செய்து முடித்ததற்கு மட்டுமே உரியது. இதன் அருமை வரம்பில்தான் தெரியும். வெள்ளம் வரம்பை உடைத்தால் கொர்பு' பிக். நீருக்கு எண்ணம் ஏது? பக்கத்து வயற்காரர் இரவோடிரவாக மண்வெட்டியுடன் வந்து உடைத்திருந்தால் கொர்த'. தண்ணீர்ப் பிணக்குகள் பலவற்றில் எங்கள் பெரியவர்கள் மணிக்கணக்காக இருந்து தீர்ப்பது இந்த ஒரு விகுதியைத்தான்.

என்னை அதிகம் வேலை வாங்கியவை தொடர்ச்சியைக் காட்டும் ‘தஹ்’, ‘லி'’ என்ற இரண்டு. முடிவு எங்கே என்று தெரியாமல் தொடர்வது தஹ். எல்லை தெரிந்து அதை நோக்கிச் செல்வது லி'. ஓக்ராண்ட் தரும் எடுத்துக்காட்டு நெருங்கிவரும் ஏவுகணை: இலக்குத் தெரிந்திருந்தால் ‘சொல்லி'’, தெரியாவிட்டால் ‘சொல்தஹ்’ (இங்கே ‘சொல்’ என்பது நெருங்கு என்னும் கிளிங்கொன் வினை). வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை வெறும் இலக்கணமாகப் படிப்பது எளிதன்று. ஆகவே நான் மழைக்கு மாற்றிக்கொண்டேன். மார்கழி அடைமழையில், “பெரியப்பா, இது எப்ப விடும்?” என்று கேட்டேன். அவர் வானத்தைக்கூடப் பார்க்காமல், “அது தன்ரபாட்டில பெய்யும், நீ வாய்க்காலைப் பார்” என்றார். ஷிஷ்தஹ் என்று எழுதினேன். அளந்த நாலு ஏக்கரில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்போது விபெ'லி' என்று வரும். மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? தமிழில் இரண்டுக்கும் ‘கொண்டிருக்கிறது’ போதும் என்பதால், ஒவ்வொரு வரியிலும் பேனாவை நிறுத்தி இதற்கு முடிவு தெரியுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த நிறுத்தத்துக்காகவே இந்தப் பயிற்சியைத் தொடர்கிறேன்.

இரு செயல்களை இணைப்பது சிரமமில்லை. பெய்யமுன் என்பதற்கு ஷிஷ்ப'. தண்ணீர் வந்ததும் என்பதற்குப் பவ்டி' பிக். ‘விஷ்’ மட்டும் தனியே வராது, எப்போதும் தஹ் முன்னே வேண்டும்: ஷிஷ்தஹ்விஷ் என்றால் மழை பெய்துகொண்டிருக்கையில்.

இன்னும் எழுதக் கிடைக்காதது ‘ரின்தஹ்’. வினைக்குப் பின் தனிச்சொல்லாக நின்று, இனி மாற்றவே முடியாதபடி முடிந்தது என்று சொல்வது அது. நெல்லை விற்கும்போது வின்கெவ் ரின்தஹ் என்று எழுதலாம். வயலிலேயே ஈர நெல்லாகக் கொடுப்பதா, காயவைத்து விலை பார்ப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பெரியப்பா காயவைக்கச் சொல்கிறார். களத்தில் படங்கு விரிக்கத் தொடங்கினால் அதற்கு லி' போதுமானது.