ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு படங்கள்

1998 ஜனவரியில் தென்கொரியாவில் வெளியான 'கிறிஸ்துமஸ் இன் ஆகஸ்ட்' திரைப்படத்தைச் சாகப்போகிற ஒருவன் தான் விரும்பும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லாமல் விலகிக்கொள்ளும் தியாகக் கதையாகச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. அவனுடைய மௌனத்தில் தியாகத்தைவிட ஆசையே மிகுதி என்று நினைக்கிறேன். அந்த ஆசை எது என்பதைப் புரிந்துகொள்ள, அவனுடைய போட்டோ ஸ்டூடியோவின் முகப்பில் எந்தப் புகைப்படம் நீக்கப்படுகிறது, எந்தப் புகைப்படம் வைக்கப்படுகிறது என்று பார்த்தாலே போதும்.

ஹர் ஜின்-ஹோ இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் இது. குன்சான் என்னும் துறைமுக நகரத்தில், சோவோன் என்ற பெயர்கொண்ட சிறிய போட்டோ ஸ்டூடியோவை நடத்துகிறான் ஜங்-வொன். நிறுத்தக்கூடாத இடங்களில் நிற்கும் கார்களைப் படமெடுத்து அபராதம் விதிக்கும் பணியில் இருக்கும் தா-ரிம், தான் எடுத்த படங்களைக் கழுவித் தரச்சொல்லிக் கோடைக்காலத்தில் அங்கே வரத்தொடங்குகிறாள். ஹான் சுக்-க்யூவும் ஷிம் இயுன்-ஹாவும் நடித்த இந்த இருவருக்கிடையே ஒரு முத்தம்கூட இல்லை. காதல் என்ற சொல்லை ஒருவர் மற்றவரிடம் சொல்வதும் இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், மழையில் ஒரே குடைக்குள் நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவனுக்கு என்ன நோய் என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. மருத்துவர் விளக்குவதும், உறவினர்கள் கூடி அழுவதும் இல்லாத இடத்தை அன்றாட வேலைகள் நிரப்புகின்றன. வி.சி.ஆரை இயக்கத் தந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நான் இந்தப் படத்தின் உச்சமாகக் கருதுகிறேன். ரிமோட்டின் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவன் திரும்பத்திரும்பச் சொல்கிறான், தந்தைக்குப் பிடிபடவில்லை, அவன் கோபத்தோடு எழுந்து போய்விடுகிறான். பிறகு அதே முறையைப் பெரிய எழுத்துகளில் படிப்படியாகக் காகிதத்தில் எழுதுகிறான். தான் இல்லாத வீட்டில் தந்தை தனியாகப் படம் பார்க்கவேண்டியிருக்கும் என்பதை இருவருமே அறிவார்கள், இருவருமே அதைப் பேசுவதில்லை. பின்னர் ஓரிரவு அவன் போர்வைக்குள் முகம்புதைத்து அழும்போது, கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தந்தை உள்ளே வராமலே திரும்பிவிடுகிறார். பேசாதிருப்பது அந்த வீட்டின் அன்பு மொழி; தா-ரிமிடம் அவன் காக்கும் மௌனமும் அங்கே கற்றுக்கொண்டதுதான்.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தந்தைக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள ஜி-வொன் என்ற பெண்ணிடம் போகவேண்டும். அவள்தான் ஜங்-வொன்னின் முதல் காதல். இளமையில் அவன் எடுத்த அவளுடைய படம் பல ஆண்டுகளாக ஸ்டூடியோவின் காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துவருகிறது. மணமாகி, வாழ்க்கையில் களைத்து ஊர் திரும்பிய அவள் அவனோடு சங்கடமாகச் சில வார்த்தைகள் பேசிவிட்டு, புறப்படும்போது அந்தப் படத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறாள். காதலும் ஒருநாள் நினைவாக முடிந்துவிடும் என்று அவன் மனக்குரல் அப்போது சொல்கிறது. மறுப்பில்லாமல், வருத்தத்தைக்கூட வெளிக்காட்டாமல் அவன் அதை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், அந்தக் காதல் எப்போதோ புகைப்படமாகிவிட்டிருந்தது என்பதே. படத்தின் இறுதியில் ஒலிக்கும் மனக்குரல் இதற்குத் தரப்பட்ட விடை. நினைவில் கிடக்கும் எத்தனையோ புகைப்படங்களைப்போலக் காதலும் என்றேனும் நினைவாகிவிடும் என்று அறிந்திருந்தவன், தா-ரிம் மட்டும் நினைவாக மாறாமல் காதலாகவே இருக்க, அந்தக் காதலைச் சுமந்துகொண்டே தன்னைப் போகவிட்டதற்கு அவளுக்கு நன்றி சொல்கிறான்.

இந்த இரண்டு மனக்குரல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவனுடைய மௌனத்தின் பொருள் மாறிவிடுகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் தா-ரிம் அவனை நோயாளியாகப் பார்த்திருப்பாள். இரக்கமும் பிரிவுத்துயரும் அந்தக் காதலை அவன் உயிரோடிருக்கும்போதே நினைவாக மாற்றத் தொடங்கியிருக்கும். பள்ளி மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் போனபின் தனியே நின்று, இறந்துபோன தாயை எண்ணி, தந்தையும் தானும்கூட ஒருநாள் மறைந்துவிடுவோம் என்று சிறுவயதிலேயே நினைத்தவன் அவன். எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைவாகப் பார்த்துப் பழகிய ஒருவன், ஒரேயொரு உறவை மட்டும் நிகழ்காலத்திலேயே வைத்திருக்க விரும்புகிறான். அது அழகான ஆசை. ஆனால் அது அவனுடைய ஆசை, அவளுடையதன்று.

இயக்குநர் இதை மறைக்கவில்லை என்பதால்தான் இந்தப் படத்தின்மீது எனக்கு இவ்வளவு மதிப்பு. ஜங்-வொன் மருத்துவமனையில் கிடக்கும் நாட்களில், பூட்டிக் கிடக்கும் ஸ்டூடியோவின் வாசலுக்கு வந்து வந்து ஏமாறும் தா-ரிம், கடைசியில் ஓர் இரவு கல்லெடுத்துக் கண்ணாடியை உடைக்கிறாள். அந்தக் கல் அவனுடைய மௌனத்துக்கு அவள் தந்த நேர்மையான பதில். காரணம் சொல்லாமல் ஒருவன் காணாமற்போவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணாடி உடையும் ஓசை பார்வையாளருக்குச் சொல்லிவிடுகிறது. பின்னர் அவன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான், அனுப்புவதில்லை. அவளுடைய புதிய பணியிடத்துக்கு எதிரே ஒரு காபிக்கடையில் அமர்ந்து, சன்னல் கண்ணாடியின் மேல் விரலால் அவளுடைய உருவத்தைத் தொடர்கிறான். வெளியே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கொரியாவில் இறுதிச்சடங்கில் வைப்பதற்கான படத்தை முதியவர்கள் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்வது உண்டு. குடும்பத்தோடு வந்து படமெடுத்துச்சென்ற மூதாட்டி ஒருவர், நல்ல உடை உடுத்தித் தனியே திரும்பிவந்து, இது தன் சாவுக்கு வைக்கும் படம் என்பதால் அழகாக எடுத்துத் தரும்படி கேட்கும் காட்சி இருக்கிறது. அவரை அமரவைத்த நாற்காலியில் பிறகு ஜங்-வொன் தானே அமர்ந்து, புன்னகைத்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்கிறான்; அந்தப் புன்னகை அப்படியே சட்டமிட்ட இறுதிப் படமாக மாறுகிறது. 1996-இல் மறைந்த பாடகர் கிம் க்வாங்-சோக்கின் இறுதிச்சடங்குப் படத்திலிருந்த புன்னகையே இந்தக் கதைக்கு வித்திட்டதாக இயக்குநர் கூறியிருக்கிறார். ஒளிப்பதிவாளர் யூ யங்-கில் படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். அவருக்கே இது காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

இறுதியில் பனி பெய்த நாளில் ஸ்டூடியோவுக்கு வரும் தா-ரிம், காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் தன்னுடைய படம் இருப்பதைக் கண்டு புன்னகைக்கிறாள். அவன் இறந்துபோனது அவளுக்குத் தெரியுமா என்பதில் பார்வையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரியாது என்பதே என் முடிவு. தெரிந்திருந்தால் அந்தப் புன்னகை அவ்வளவு இலகுவாக வந்திருக்காது. முன்பு ஜி-வொன் இருந்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். ஆனால் ஜி-வொன்னைப்போல அந்தப் படத்தை எடுத்துவிடும்படி கேட்க நினைத்தாலும், கேட்பதற்கு எதிரில் அவன் இல்லை. அவன் விரும்பியபடி காதல் நினைவாகாமல் நின்றுவிட்டது, அதற்கான விலையை அவள் இனிமேல்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.