நல்லாப் பேசுவான்

“இவங்கள்ல யாரு நல்லாப் பேசுவான்?”

ஏட்டு கேட்டது இவ்வளவுதான். நானும் யோசிக்கவில்லை. “214-ல இருக்கிற பையன் நல்லாப் பேசுவான் சார்” என்றேன்.

தமிழ் பேசுவான் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். எங்கள் விடுதியில் அப்போது இருந்த திபெத்துப் பிள்ளைகள் ஆறு பேர். ஐந்து பேருக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். இவன் ஒருத்தன் மட்டும் இரண்டே வருஷத்தில் மெஸ் மாஸ்டரிடம் சாம்பாருக்காகச் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் கற்றிருந்தான். போலீஸ்காரர் ஏதாவது கேட்பதாக இருந்தால் அவனிடம் கேட்கட்டும், மற்றவர்கள் பயப்படாமல் இருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக ஞாபகம். அந்த ஞாபகத்தின் மேல் எனக்கே சந்தேகம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதிக் கொடுத்தது போதும்.

அன்றைக்கு 2019 அக்டோபர் 7, சரஸ்வதி பூஜை. வெள்ளிக்கிழமை சீன அதிபர் ஷி ஜின்பிங் வருகிறார். மாமல்லபுரச் சந்திப்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வேட்டி கட்டிய பிரதமர், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் இருவரும் கையைக் கோத்து உயர்த்திய படம் எல்லாம் எல்லோரும் பார்த்ததுதான். நான் அப்போது ஆராய்ச்சி மாணவன், கூடவே விடுதியில் துணை வார்டன். பூஜை லீவுக்கு முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மணிப்பூர், மிசோரம் பிள்ளைகளும் இந்த ஆறு பேரும்தான்.

ஆபீஸ் மேஜையில் ரிஜிஸ்டர்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தோம். பக்கத்தில் பொரி, கடலை, உடைத்த தேங்காய். பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும் என்று வாட்ச்மேன் தாத்தா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். ஏட்டு வந்தபோது அவருடைய பைக்கிலும் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர். பொரி கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார்: “உங்க ஹாஸ்டல்ல திபெத்காரங்க இருக்காங்களாமே தம்பி. லிஸ்ட் வேணும். ரூம் நம்பரோட.”

தலைமை வார்டனுக்குப் போன் போட்டேன். “கேட்டதைக் குடுத்துடுப்பா, நமக்கெதுக்கு வம்பு” என்றார். பூவை விலக்கி, அடுக்கில் மூன்றாவதாக இருந்த ரிஜிஸ்டரை உருவினேன். குங்குமம் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அந்த விரலோடுதான் பக்கத்தைப் புரட்டினேன். ஆறு பெயர், ஆறு அறை எண். ஒரு வெள்ளைத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன், கீழே கோடு கூடப் போட்டு. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பூஜையில இருக்கு சார், நாளைக்கு வாங்க” என்று சொல்லியிருக்கலாம். இதை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருடைய பைக்கில் மாலை இருந்தது. நிச்சயம் புரிந்துகொண்டிருப்பார். ஒரு ராத்திரி கிடைத்திருக்கும். அந்த ஒரு ராத்திரியில் நான் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன், அவர்கள் மைசூர் பக்கத்துத் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். ஏறாமலும் இருந்திருப்பார்கள். எனக்குத் தைரியம் வந்திருக்குமா என்பதும் நிச்சயமில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர்கள் எதுவும் ரகசியம் இல்லை. வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்தால் சி படிவம், சேர்த்துப் படிக்க வைத்தால் எஸ் படிவம் என்று அப்போது இருந்த விதிப்படி சாஸ்திரி பவனில் இருக்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஏற்கெனவே தகவல் போயிருக்கும். இந்தப் பிள்ளைகள் பிறந்தது கர்நாடகத்தில். ஆனாலும் கையில் இருப்பது ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழ்தான். காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெறும் வெளிநாட்டவர். தலாய் லாமா எல்லை தாண்டி வந்தது 1959-இல். அறுபது வருஷம் கழித்து, அந்த மக்களின் பேரன் வயதுப் பையன் மைசூர் பக்கம் பிறந்து, கன்னடம் பேசி, சென்னையில் பி.காம். படித்தாலும் நிலைமை அதேதான். ஆக, நான் கொடுக்காவிட்டாலும் லிஸ்ட் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். இது உண்மை. ஆனால் சாஸ்திரி பவனில் இருக்கிற படிவத்தில் ‘யாரு நல்லாப் பேசுவான்’ என்று ஒரு கட்டம் கிடையாது. அதை நிரப்பியது நான்.

போலீஸ் பயந்ததிலும் காரணம் இருந்தது. 2002-இல் சீனப் பிரதமர் ஷூ ரோங்ஜி மும்பை வந்தபோது, திபெத்தியக் கவிஞர் தென்சின் சுந்தூ அவர் தங்கியிருந்த ஹோட்டலின் சாரத்தில் பல மாடி உயரத்துக்கு ஏறிக் கொடியை விரித்தார். 2005-இல் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் பெங்களூர் வந்தபோது, அதே சுந்தூ இந்திய அறிவியல் கழகக் கட்டடத்தின் உச்சியில் நின்றார். இந்தத் தடவை அவரை முன்கூட்டியே விழுப்புரம் மாவட்டத்தில் பிடித்துவிட்டார்கள். இதெல்லாம் கொடி, கோஷம். எனக்குள் இருந்த பயம் வேறு. 2012 மார்ச்சில் அப்போதைய சீன அதிபர் ஹூ ஜின்டாவ் டெல்லி வருவதற்கு முன்னால் ஒரு திபெத்திய இளைஞன் ஜந்தர் மந்தர் பக்கம் தீக்குளித்து இறந்துபோனான். உடம்பெல்லாம் தீயோடு ஓடிய அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. நமக்கும் அது புதிதில்லை. 2009 ஜனவரியில் ஈழத் தமிழருக்காக முத்துக்குமார் தன்னை எரித்துக்கொண்டது இதே சாஸ்திரி பவன் வாசலில்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. என் விடுதிப் பிள்ளை ஒருத்தன் அப்படிச் செய்துவிட்டால்? அந்தப் பயம் எனக்குள் இருந்தது நிஜம். ஆனால் ஏட்டு கேட்ட அந்த நொடியில் இருந்ததா, அப்புறமாக நான் கொண்டுவந்து அங்கே வைத்தேனா என்பதுதான் தெளிவாகவில்லை.

இனி, இதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயம். ஏட்டு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் அந்தப் பையன் என் எதிரில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சும்மா கேட்பது போலக் கேட்டான்: “அண்ணா, கிண்டி ஸ்டேஷன்ல இறங்கினா அந்தப் பெரிய ஹோட்டலுக்கு நடந்தே போயிடலாமா?”

“தாராளமா போகலாம்” என்றேன். ஷி ஜின்பிங் தங்கப்போகிற ஹோட்டல் அதுதான் என்று பேப்பரில் வந்திருந்தது. இருவருக்கும் தெரியும். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குருமாக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

ஆக, ஆறு பெயரில் அவன் பெயர் என் வாயில் முதலில் வந்தது தமிழாலா, கிண்டியாலா? தமிழால்தான் என்று பகலில் தோன்றும். ராத்திரியில் அப்படித் தோன்றுவதில்லை.

வியாழக்கிழமை ராத்திரி இரண்டு பேர் மஃப்டியில் வந்தார்கள். “விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்” என்று ஆறு பேரையும் கூப்பிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். “ஸ்வெட்டர் எடுத்துக்கவா அண்ணா?” என்றான். சென்னையில் அக்டோபரில் எதற்கு ஸ்வெட்டர் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டேஷனில் தரையில் படுக்க வேண்டியிருக்கும், விரித்துக்கொள்ளலாம் என்று அவன் யோசித்திருக்கிறான். அப்பா அம்மா சொல்லி வளர்த்த வழக்கமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அந்த ஹோட்டல் வாசலில் சில திபெத்திய இளைஞர்கள் கொடியோடு வந்து கோஷம் போட்டார்கள். போலீஸ் இழுத்துக்கொண்டு போனதை டிவியில் காட்டினார்கள். அவன் ஸ்டேஷனில் இருக்கிறான் என்று தெரிந்தும் அந்தக் கூட்டத்தில் அவன் முகத்தைத் தேடினேன். ஒரு பெண்ணை ஆட்டோவுக்குள் தள்ளுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார், நான் பார்க்கவில்லை. அதற்குள் மாமல்லபுரத்தில் காய்கறியும் பழமும் வைத்துக் கட்டிய வளைவைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது.

விருந்தாளி வரும்போது வீட்டுச் சண்டையை வெளியே காட்டக் கூடாது என்று தலைமை வார்டன் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. கொடி பிடித்து நடைபாதையில் நிற்கிற பையனால் ஒரு அதிபரின் உயிருக்கு என்ன ஆபத்து? அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது அவருடைய உயிர் இல்லை, அவருடைய பார்வை. கார் கண்ணாடி வழியாக ஒரு கொடி கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக என் மேஜையிலிருந்து ஒரு தாள் போயிருக்கிறது.

சனிக்கிழமை ஷி ஜின்பிங் காத்மாண்டு கிளம்பினார். அன்று ராத்திரி பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். சுமார் 45 மணி நேரம். முன்னெச்சரிக்கைக் கைது என்றால், அப்போது இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆம் பிரிவில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் கைது என்று காகிதத்தில் எதுவும் இல்லாதபோது எதை வைத்துக் கேட்பது? மெஸ்ஸில் சொல்லி ஆறு பேருக்கும் தோசை போடச் சொன்னேன். ஐந்து பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவன் தனியாக உட்கார்ந்தான்.

என்ன நடந்தது என்று அவனேதான் சொன்னான். “எனக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு அண்ணா. அவங்க சொல்றதையெல்லாம் நான்தான் இவங்களுக்குச் சொன்னேன். கொடி பிடிச்சா ஆர்.சி. போயிடும், படிப்பு போயிடும், பைலகுப்பே போக முடியாது, எல்லாம் நான்தான் சொன்னேன்.” தோசையைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. “போன்ல என்ன இருக்குன்னு கேட்டாங்க. அதையும் நான்தான் கேட்டுச் சொன்னேன்.”

என் வார்த்தையை நான் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த நிமிஷம் ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததை மறைக்க முடியாது. தமிழுக்காகத்தான் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், கிண்டிக்காக இல்லை. நான் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த நிம்மதியோடு அவன் முகத்தைப் பார்த்தேன். தன் கூட்டாளிகளை மிரட்டுவதற்கு அவன் வாய் பயன்பட்டிருக்கிறது. அந்தத் தமிழில் பாதி நான் சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் என்னிடம் ஒட்டிக்கொண்டதற்கே காரணம் 2013 கதைதான். அந்த வருஷம் பிப்ரவரியில் ராஜபக்ச புத்தகயாவுக்கும் திருப்பதிக்கும் வந்தார். நாங்கள் இங்கே கறுப்புக் கொடி பிடித்தோம். மார்ச்சில் லயோலா மாணவர்கள் கோயம்பேட்டில் உண்ணாவிரதம் இருந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். கல்லூரிகளைக் காலவரையில்லாமல் மூடினார்கள். அவனுக்கு இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. “ஒரு ஸ்டேட் முழுக்கவா அண்ணா? எல்லாக் காலேஜுமா?” என்று கேட்பான். இந்தியாவில் இருக்கிற அவனுடைய மக்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் இங்கே ஒரு நடுத்தர நகரம்கூட நிரம்பாது.

கதையின் கடைசியை மட்டும் அவனுக்கு நான் சொன்னதில்லை. இரண்டாம் நாளே எங்கள் வார்டன் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். அப்பா திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வார்டனைப் பல வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவரும் இப்படித்தான், மேலே கேட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரைத் திறந்து, விரலை வைத்து நம்பரைத் தேடியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவரை மன்னிக்கிறேனா என்றால், தெரியவில்லை. அவரை மன்னித்தால் எனக்கு வசதியாக இருக்கும். அதனாலேயே தயக்கமாக இருக்கிறது.

அவன் அந்த ராத்திரி எழுந்து போகும்போது, “உங்களைக் கேட்டாங்களா அண்ணா?” என்றான்.

“லிஸ்ட் கேட்டாங்க. கொடுத்தேன்” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. பொய் இல்லை, ஆனால் முழுசாகவும் இல்லை. “ம்” என்று தட்டை எடுத்துக்கொண்டு போனான். ‘எனக்குத் தமிழ் தெரியும்னு அவங்ககிட்ட யார் சொன்னது?’ என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக விடுதியைக் காலி செய்தபோது அவசர அவசரமாகப் போனான். அப்புறம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு ரொட்டிப் பெட்டியில் துண்டுத் துணிகள் இருந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள். தைக்காத கொடி. மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். “அனுப்பட்டுமா?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணா” என்றான்.

அந்த வேலையை விட்டு வந்தபோது பெட்டியையும் எடுத்து வந்தேன். திபெத்தியப் புத்தாண்டான லோசருக்கு ஒவ்வொரு வருஷமும் தமிழில் வாழ்த்து அனுப்புகிறான், எழுத்துப் பிழை இல்லாமல். நானும் பதில் போடுகிறேன். 214 என்று ஏட்டிடம் சொன்னது நான்தான் என்று இந்தத் தடவையாவது எழுத வேண்டும் என்று ஆரம்பிப்பேன். “தாஷி தெலெக், தம்பி” என்று மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறேன்.