பொறந்த ஊர்லயே இறங்க விடல

வோங் கிம் ஆர்க் பத்தி படிச்சதுல இருந்து மனசே ஆறல. அமெரிக்காவோட சான் ஃபிரான்சிஸ்கோவுல 1873ல சீனப் பெத்தவங்களுக்குப் பொறந்த சமையல்காரர், சீனாவுக்குப் போய்ட்டு 1895ல திரும்பி வந்தா நீ குடிமகன் இல்லன்னு கரையில கால் வைக்கவே விடல, இவர் இந்த ஊர்க்காரர்தான்னு வெள்ளைக்காரங்க மூணு பேர் கையெழுத்து போட்ட காகிதம் இருந்தும் மாசக்கணக்கா கப்பல் மாத்தி கப்பல்லயே அடைச்சு வெச்சிருக்காங்க. சீனத் தொழிலாளிங்க வரவே கூடாதுன்னு 1882லயே சட்டம் போட்டாச்சு, மலையைக் குடைஞ்சு ரயில் பாதை போட்டவங்கள.

1898 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் 6க்கு 2ன்னு வோங் பக்கம் நின்னுச்சு, இங்க பொறந்தவர் குடிமகன்தான்னு. எதிர்த்த ரெண்டு நீதிபதிங்கள்ல ஒருத்தர் ஹார்லன், அதான் எனக்குத் தாங்கல. 1896ல கறுப்பின மக்களுக்கு ரயில்ல தனிப் பெட்டி சரிதான்னு மத்த நீதிபதிங்க சொன்னப்போ தனி ஆளா எதிர்த்து அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாதுன்னு எழுதின மனுஷன், அதுலயே சீனர்கள் நம்மள மாதிரி இல்லாத இனம்னும் எழுதியிருக்கார்.

அதே 1898 டிசம்பர்ல அமெரிக்காக்காரங்க ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் குடுத்து பிலிப்பைன்ஸையே எடுத்துக்கிட்டாங்க, அந்த மக்கள யாரும் கேக்கல.

வோங்? ஜெயிச்ச பிறகும் 1901ல டெக்சாஸ் எல் பாசோவுல அவரை மறுபடி பிடிச்சாங்க.